இரண்டாவதாகக் கைதட்டியவர்

முதலில் கைதட்ட யாரும் முன்வராததால் அந்த நடனம் ஏழு வருடம் நடந்தது. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டதும் வாயைப் பிளக்கிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. நடுவில் அரங்கத்துக்கு வெள்ளையடித்த நாட்களைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் மட்டும்தான் இன்றுவரை தகராறு. ஆடியவள் ஒருத்தி, பார்த்தவர்கள் ஒரு அரங்கம் நிறைய. அது எப்போது முடியும் என்று தெரிந்திருக்க வேண்டியவர் என்று ஊர் நம்பியது ஒரே ஒருவரைத்தான்: மூன்றாவது வரிசையின் ஓரத்தில், மாமியாருக்குப் பக்கத்தில், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்த அவளுடைய கணவரை. அவருக்கோ அது எப்போது தொடங்கியது என்பதே சரியாகப் பிடிபட்டிருக்கவில்லை.

அவர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். ஊரில் அவருக்குப் பிரேக் மாஸ்டர் என்று பெயர். பயிற்சிக் காரில் கற்றுக்கொள்பவரின் காலடியில் ஒரு பிரேக்கும், பக்கத்தில் உட்காரும் மாஸ்டரின் காலடியில் இன்னொரு பிரேக்கும் இருக்கும். ஆபத்துக்கு உதவட்டும் என்று வைத்த அந்த இரண்டாவது பிரேக்கை அவர் ஆபத்து வருவதற்கு முன்பே, வரலாம் என்று தோன்றுவதற்கும் முன்பே, சாலையில் ஒரு காகிதம் பறந்தால்கூட மிதித்துவிடுவார். அவரிடம் கற்றவர்களின் நெற்றிக்குச் சாலையைவிட டாஷ்போர்டு நன்றாகத் தெரியும். மாணவர் பக்கத்து பிரேக், கார் வாங்கிப் பல வருடமாகியும், கடையில் இருந்த மெருகு குலையாமல் இருந்தது. அவருடைய மனைவியும் ஒரு காலத்தில் அந்தக் காரில் கற்றுக்கொள்ள வந்தவள்தான். தெருமுனையைத் தாண்டி அவளை அவர் போகவிட்டதே இல்லை. "நான் இங்க வண்டி ஓட்டுறேனா, இல்ல உக்காந்து கும்பிடு போடுறேனா?" என்று ஒருநாள் கேட்டாள். அந்தக் கேள்வி பிடித்துப்போய் அவளையே கல்யாணம் செய்துகொண்டார். கல்யாணம் முடிந்த கையோடு பயிற்சியும் நின்றுபோனது.

அவள் ஆடியது நவீன நடனம். அதில் பாட்டு இல்லை, கதை இல்லை, அலங்காரம் இல்லை. பழைய பேன்ட்டும் ஒரு சாம்பல் நிறச் சட்டையும்தான். உருள்வாள். சுவரைப் பார்த்து நிற்பாள். முழங்கால்கள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனதுபோல் மடிந்து விழுவாள். விழுந்த இடத்திலிருந்து முதுகெலும்பைக் கண்ணி கண்ணியாக அடுக்கிக்கொண்டு எழுந்திருப்பாள். பின்னணியில் ஓர் உறுமல் வந்துகொண்டே இருக்கும், நின்று நின்று. நவீன இசை என்று எல்லோரும் மரியாதையோடு கேட்டது, பிற்பாடு விசாரித்ததில், அரங்கத்துக் கேன்டீனின் ஃபிரிட்ஜ். அவள் அதைக் கேட்டே அடிகளை அமைத்திருந்தாள் என்பது வேறு விஷயம்.

அந்த ஏழு வருட நடனம் தொடங்குவதற்கு முந்தைய வருடம் அவள் அங்கே முதன்முதலாக ஆடினாள். பாதி ஆட்டத்தில் வலது கையை உயர்த்தி நின்றாள். இறக்கப்போகிறாளா, இன்னும் தூக்கப்போகிறாளா என்று சொல்ல முடியாத ஒரு நிற்றல். ஃபிரிட்ஜும் அந்த நேரம் பார்த்து ஓய்ந்தது. அந்த மௌனம் மாஸ்டரின் கண்ணுக்குச் சாலையின் குறுக்கே ஓடிவரும் குழந்தையைப் போலத் தெரிந்திருக்க வேண்டும். அவருடைய வலது கால் தானாக அரங்கத்துத் தரையை மிதித்தது. கால் மிதித்த வேகத்தில் கைகள் தட்டிவிட்டன. புருஷனே தட்டுகிறான், அப்புறம் நமக்கென்ன என்று அரங்கமும் தட்டியது. விளக்கு அறையில் இருந்த அவளுடைய தம்பிக்கு அக்கா சொல்லிவைத்திருந்தது ஒரே விதி: கைதட்டல் கேட்டால் எல்லா விளக்கையும் போடு. போட்டான். ஜனங்கள் குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தார்கள். ஆட்டத்தின் நல்ல பாதி ஆடப்படாமலே, உயர்த்திய கையோடு அவள் நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் ஊரின் ஒரே பத்திரிகையில் ஒரே விமர்சகர், நடனம் இல்லாத வாரங்களில் ராசிபலனும் எழுதுபவர், இந்த ஊருக்கு நடனம் பார்க்கத் தெரியாது, மூச்சு விட நின்றவளை வழியனுப்பிவிட்டு வந்த கூட்டம் இது, என்று போட்டுத் தாளித்திருந்தார். அவரும் தட்டியதை முன்வரிசை முழுக்கப் பார்த்திருந்தது. ஆனால் அச்சில் வந்ததை யார் மறுப்பது? ஊருக்கே முகம் சுண்டிப்போனது. ஆடிய அன்று வீடு திரும்பும் வழியில் அவள் ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள். "எப்படி இருந்துச்சு?" மாஸ்டர் யோசிக்காமல் சொன்னார்: "நல்லா இருந்துச்சு." அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு மாதம் குக்கர் மட்டும்தான் பேசியது.

அடுத்த நடனத்துக்குக் கிளம்பும்போது, வாசலில் செருப்பைக் கழற்றிப் பையில் இருந்த வேறு செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னாள். "இந்தத் தடவையும் நீங்க முதல்ல கைதட்டினீங்கன்னா, நான் வீட்டுக்கே வர மாட்டேன். வேற யாராவது தட்டட்டும். அப்புறம் தட்டுங்க."

"எப்ப முடியும்னு சொல்லிடேன். அதுவரைக்கும் கையக் கட்டிக்கிட்டு இருக்கேன்."

"முடியறப்போ தெரியும்."

இதுதான் ஏழு வருடத்துக்குமான மொத்தப் பேச்சுவார்த்தை. மாஸ்டர் மனைவியைத் தொலைக்க விரும்பாதவர்; ஆகவே முதலில் தட்டுவதில்லை என்று முடிவெடுத்தார். ஊரோ சூடு கண்ட பூனை. புருஷன் தட்டாமல் நாம் தட்டுவதில்லை, அவர் தட்டினாலும் இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் தட்டுவது என்று முடிவெடுத்தது. விமர்சகர், தான் எழுதியதைத் தானே படித்திருந்ததால், இரண்டு கையிலும் பேனா பிடித்துக்கொண்டு வந்திருந்தார். தம்பி விளக்கு அறையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ஆட்டம் தொடங்கியது. மாலைக்குள் அவள் மேடை விளிம்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தாள், அப்படியே கிடந்தாள். அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது வரிசை ஓரத்தைப் பார்த்தது. மூன்றாவது வரிசை ஓரம் அரங்கத்தைப் பார்த்தது. மாமியார் மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஆடாம உக்காருங்க மாப்பிள்ளை. என் பொண்ணு சொன்னதச் செய்யறவ." வெகுநேரம் கழித்து, படுத்திருந்தவளின் சுண்டுவிரல் அசைந்தது. பார்த்தீர்களா, இன்னும் முடியவில்லை, நல்ல வேளை தப்பித்தோம் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். அந்தப் பெருமூச்சில் திரை லேசாக உப்பி அடங்கியது. அந்தச் சுண்டுவிரலிலிருந்துதான் மீதி ஏழு வருடமும் வந்தது.

முதல் வாரம் கொஞ்சம் சிரமமாக இருந்தது; பிறகு ஒழுங்குக்கு வந்துவிட்டது. வேலைக்குப் போகிறவர்கள் இருக்கையில் கைக்குட்டையைப் போட்டுவிட்டுப் போய், வேலை முடிந்து வந்து உட்கார்ந்தார்கள். மாஸ்டர் காலையில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார், மதியத்துக்கு மேல் நடனம் பார்த்தார். பல் டாக்டர் கடைசி வரிசையில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். மேடையைப் பார்த்ததும் அவர்கள் வாய் தானாகத் திறந்துகொள்வதால் வேலை சுலபம் என்றார். அரங்க மேலாளர் ஏற்கெனவே முன்பணம் வாங்கியிருந்த கூட்டங்களை நிறுத்த முடியாமல், நடனத்தை நடுவில் விட்டு ஓரமாக நடத்திக்கொடுத்தார். மின்வாரிய ஊழியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் பேசிக்கொண்டிருக்க, அவருக்குப் பின்னால் அவள் நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்வது போல உட்கார்ந்து அந்த மழைக்காலம் முழுக்க அப்படியே இருந்தாள். தலைவரின் உரை முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. தட்டினால் அது அவளுக்குத் தட்டியதாகிவிடாதா? தலைவர் மனம் உடைந்து ராஜினாமா செய்தார். சங்கம் அதன் பிறகு நன்றாக நடந்தது.

கைதட்டும் பயம் மெல்ல அரங்கத்தை விட்டு வெளியே இறங்கியது. சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்று யாருக்குத் தெரியும் என்று, பிறந்தநாள் வீடுகளில் குழந்தைகளுக்கு விரலைச் சொடுக்கி வாழ்த்துச் சொன்னார்கள். மைதானத்தில் கோல் விழுந்தால் எல்லோரும் எழுந்து நின்று தலையாட்டினார்கள். கொசுவைக்கூட இரு கையால் யாரும் அடிக்கவில்லை, ஊதி விட்டார்கள். கொசுக்களுக்கு அது பொற்காலம். குருவிக்குஞ்சு அளவுக்கு வளர்ந்து, பயமே இல்லாமல், ஆள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கடித்தன.

மாஸ்டருக்கு வீடு பெரிதாகிப்போனது. வாசலில் அவள் கழற்றிப் போட்ட செருப்பு தெருவைப் பார்த்தபடியே கிடந்தது. பெருக்கும்போது அதைச் சுற்றிப் பெருக்கினார். முதல் இரண்டு வருடமும் அவர் மேடையில் பார்த்தது நடனத்தை அல்ல, முடிவை. இதோ, இந்தத் திரும்பலோடு சரி. இதோ, இந்த மூச்சோடு சரி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவருடைய வலது கால் தரையை அமுக்கியது. இருக்கைக்கு அடியில் சிமென்ட்டில் ஒரு பாத அளவுக்குக் குழி விழுந்தது. பக்கத்தில் மாமியார் பின்னல் ஊசியோடு உட்கார்ந்து, அந்த வருடங்களில் வரிசை முழுக்க எல்லோருக்கும் ஸ்வெட்டர் பின்னிக்கொடுத்தார். வெயில் ஊர், இருந்தாலும் மறுக்க யாருக்கும் தைரியம் இல்லை.

"அத்தை, உங்களுக்குப் புரியுதா இது?" என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டார்.

"புரிஞ்சு என்ன பண்ணப் போறோம்? அவள நான் பெத்தேன். அப்பவும் ஒன்னும் புரியல."

மூன்றாம் வருடம் மாஸ்டர் பொறுக்க முடியாமல் சாப்பாட்டு டப்பாவை எடுத்துப்போய் மேடை விளிம்பில் வைத்தார். அவள் அதைப் பார்த்தாள். அதைச் சுற்றி ஒரு மாதம் ஆடினாள். முழங்கையால் நகர்த்தினாள், தலையில் வைத்துக்கொண்டு படிக்கட்டே இல்லாத படிக்கட்டில் இறங்கினாள். விமர்சகர் பரபரவென்று எழுதினார், அடித்தார், எழுதினார். கடைசியில் டப்பா கழுவித் துடைத்து அதே இடத்துக்குத் திரும்பி வந்தது. அவள் திறந்ததை யாரும் பார்க்கவில்லை. உப்பு கொஞ்சம் தூக்கல் என்பது மட்டும் அவள் தோளைக் குலுக்கிய விதத்தில் மாஸ்டருக்கு விளங்கியது. அந்த நடனத்தில் அவருக்கு முதன்முதலாக விளங்கிய இடம் அதுதான். மறுநாள் உப்பைக் குறைத்தார்.

நிழல் விஷயத்தை முதலில் கவனித்தவன் தம்பி. அவன் பல்பை மாற்றினான், கம்பியை மாற்றினான், விளக்கைக் கழற்றி எதிர்ப்பக்கம் மாட்டினான். பிறகு இறங்கி வந்து மாஸ்டரின் காதோரம் குனிந்தான்.

"மாமா, லைட்ல கோளாறு இல்ல. அக்காவோட நிழல் முந்துது."

"எவ்வளவு முந்துது?"

"கண்ண மூடித் திறக்கிற அளவுக்கு. போன வாரம் இவ்வளவு இல்ல."

"சின்ன வயசுலயே அப்படித்தான்," என்றார் மாமியார், ஊசியை நிறுத்தாமல். "அவ ஸ்கூலுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அவ சத்தம் கிளம்பிப் போயிடும்."

உண்மைதான். பின்சுவரில் விழுந்த நிழல் முதலில் கையை நீட்டியது, பிறகு அவள் நீட்டினாள். நிழல் விழுந்தது, பிறகு அவள் விழுந்தாள். நாளாக ஆக இடைவெளி கூடியது. ஐந்தாம் வருடத்தில் நிழல் காலையில் ஆடியதை அவள் சாயங்காலம் ஆடினாள். ஆறாம் வருடத்தில் அது நாள் கணக்காகிவிட்டது. வேலைக்குப் போக வேண்டியவர்கள் நிழலைப் பார்த்துவிட்டு, நாளைக்கு என்ன என்று தெரிந்துகொண்டு போனார்கள். விமர்சகர் அதை வைத்து ராசிபலனை எழுதினார், பலித்தது. மாஸ்டருக்கு இது பெரிய நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிகிறது, காலை அமுக்கத் தேவையில்லை. ஆனால் அவர் நிழலைப் பார்த்துவிட்டு அவளைப் பார்ப்பார், அவள் அதே அசைவைச் செய்யும்போது அது அதே அசைவாக இருக்காது. நிழல் திரும்பியது வெறும் திரும்பல். அவள் திரும்பும்போது அதில் கழுத்தின் ஒரு சின்னத் தயக்கம் இருந்தது, ஒரு வியர்வைத் துளி எந்தப் பக்கம் போவது என்று யோசித்தது. என்ன வரும் என்று தெரிந்துமா இப்படிப் பார்க்கத் தோன்றுகிறது? இந்தக் கேள்வி அவருக்குள் கொசுவைப் போலச் சுற்றியது. அதையும் அவர் அடிக்கவில்லை.

ஏழாம் வருடத்தில் ஒரு மதியம், நிழல் சில நாள் முன்பே ஆடிக்காட்டியும் யாரும் கவனிக்காமல் விட்ட ஓர் அசைவாக, அவள் வலது கையை உயர்த்தி நின்றாள். அதே கை. இறக்கப்போகிறாளா, இன்னும் தூக்கப்போகிறாளா என்று சொல்ல முடியாத அதே நிற்றல். ஃபிரிட்ஜ் ஓய்ந்தது. அரங்கம் முழுக்க அந்தப் பழைய நாளை நினைத்துக்கொண்டு மூன்றாவது வரிசை ஓரத்தைப் பார்த்தது. மாமியார் ஊசியைப் போட்டுவிட்டு மாப்பிள்ளையின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்தார். மாஸ்டர் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். அது சிமென்ட்டுக் குழிக்குள் இல்லை. பூனைக்குட்டி தூங்குவது போல ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. நிமிர்ந்தார். கை எங்கே போகும்? இவ்வளவு வருடத்துக்கு முன் அவர் வெட்டிவிட்ட இடம் இது. அந்தக் கை எங்கே போவதாக இருந்தது என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

கை எங்கேயும் போகவில்லை. அது நின்ற இடத்திலேயே நின்றது. அரங்கம்தான் அதைச் சுற்றி மெதுவாகத் திரும்பியது. நாற்காலிகள், தூண்கள், கேன்டீன், பல் டாக்டரின் நோயாளி எல்லாம் சேர்ந்து, ஒரு பெரிய லாரி சந்தில் திரும்புவது போல, கால்வட்டம் திரும்பி நின்றது. ஓசை எதுவும் இல்லை, ஒரு தம்ளர் தண்ணீர்கூடச் சிந்தவில்லை. அன்று வெளியே போனவர்கள் வேறு தெருவில் போய் இறங்கினார்கள். முன்பு வாசலுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்காரர் புகார் கொடுத்தார். புது வாசலுக்கு எதிரே இருந்த சைக்கிள் கடைக்காரர் கொடுக்கவில்லை. இன்றும் அரங்கத்தின் பக்கச்சுவர்தான் பழைய தெருவைப் பார்த்து இருக்கிறது.

"விட்டுடலாமா மாப்பிள்ளை?" என்றார் மாமியார், மணிக்கட்டுகளைப் பார்த்து.

"விடுங்க அத்தை. இது முடிய வேணாம்."

அடுத்த நாள் காலையில், ஒரு குப்பைத்தொட்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்த மாணவி, மாஸ்டர் பிரேக் போடாததால் பதறி, தானே பிரேக்கை மிதித்தாள். அந்தப் பிரேக் வேலை செய்தது. இருவருமே கொஞ்சம் ஆச்சரியப்பட்டார்கள். மாஸ்டரிடம் கற்று முதல் முயற்சியிலேயே உரிமம் வாங்கிய ஆள் அவள்தான்.

அதற்குப் பிறகு, அதிக நாள் இல்லை, நிழல் ஆடி முடித்தது. பின்சுவரில் அது குனிந்து வணங்கியது, நிமிர்ந்து, மேடைப் படிகளில் இறங்கி, நடைபாதை வழியாக மூன்றாவது வரிசைக்கு வந்தது. மாமியார் நூல் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டார். நிழல் மாஸ்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்ததே தவிர, தொந்தரவு ஒன்றும் இல்லை. மேடையில் அவள் நிழல் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தாள். நிழல் காட்டியது தீர்ந்தபின் என்ன வரும் என்று சொல்ல யாரும் இல்லை. அந்த நாட்களில் யாரும் வேலைக்குப் போகவில்லை. நிழலும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது, தான் போட்ட முடிச்சை இன்னொருத்தி அவிழ்ப்பதைப் பார்ப்பது போல, ஆர்வமாக.

ஒரு சாயங்காலம் அவள் மேடை விளிம்பில் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தாள். அப்படியே கிடந்தாள். அரங்கம் மூச்சைப் பிடித்தது. அப்போது நிழல் இரண்டு கைகளையும் தூக்கித் தட்டியது. சத்தம் வரவில்லை, நிழலுக்கு ஏது சத்தம்? ஆனால் மாஸ்டர் பார்த்தார், மாமியாரும் பார்த்தார். ஆக, முதலில் தட்டியாகிவிட்டது. மாஸ்டர் தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்தார், மரத்துப்போயிருந்தன. வருத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் தட்டினார், இரண்டாவதாக.

ஏழு வருடமாகத் தேங்கியிருந்தது உடைத்துக்கொண்டது. விமர்சகர் இரண்டு பேனாவையும் எறிந்துவிட்டுத் தட்டினார். மைதானத்தில், கடைகளில், அடுக்களைகளில் இருந்தவர்கள் சத்தம் கேட்டு இருந்த இடத்திலேயே தட்டினார்கள். பழைய கோல்களுக்கும் கடந்துபோன பிறந்தநாள்களுக்கும் சேர்த்துத் தட்டினார்கள். அந்தக் கைதட்டலில் ஊரின் கொசுக்கள் அநேகமாக எல்லாமே ஒழிந்தன. நகராட்சி அதைத் தன் சாதனை என்று சுவரெழுதிக்கொண்டது. தாடி வளர்ந்திருந்த தம்பி விதிப்படி எல்லா விளக்கையும் போட்டான். அவள் எழுந்து, பேன்ட்டில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டு, வணங்கினாள்.

மாஸ்டர் பழக்கத்தில் காரைப் பழைய தெருவிலேயே நிறுத்தியிருந்ததால் அரங்கத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. நிழல் முன்னால் போய்க் கார்க் கதவருகே காத்திருந்தது. மாமியார் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

"யாரு முதல்ல தட்டினது?" என்றாள் அவள், காரில் ஏறாமலே.

"உன் நிழல்."

"அது தட்டினா சத்தம் வராதே."

"வரல. நான் பார்த்தேன்."

"நான் சாட்சி," என்றார் பின்சீட்டிலிருந்து மாமியார். "உன் புருஷன் ரெண்டாவதுதான். சீக்கிரம் ஏறு, இடுப்பு வலிக்குது. ஏழு வருஷமா உக்காந்தே இருக்கேன்."

"முதல் நாளே முடிஞ்சிடுச்சும்மா," என்றாள் அவள். "விளிம்புல வந்து படுத்தேன்ல, அதோட சரி. ஒருத்தரும் தட்டல. பிடிக்கல போலன்னு வேற ஒன்னு ஆரம்பிச்சேன்."

"அப்ப இந்த ஏழு வருஷமும்?" என்றார் மாஸ்டர்.

"இது அதைவிட நல்லா வந்துச்சு." அவள் காரின் கூரையில் கையை ஊன்றிக்கொண்டு அவரைப் பார்த்தாள். "எப்படி இருந்துச்சு?"

'நல்லா' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மாஸ்டர் அதை விழுங்கினார்.

"ஒன்னும் புரியல," என்றார். "உப்பு விஷயம் மட்டும் புரிஞ்சுது."

"ம்."

"அப்புறம் அந்தக் கை. தூக்கிட்டு நின்னியே. அது எங்க போகும்னு பார்க்கணும்னு இருந்துச்சு. என் கால் கீழ அமுங்கவே இல்ல."

  அவள் கூரையில் ஊன்றியிருந்த கையை எடுத்து நீட்டினாள். "சாவியக் குடுங்க."

காருக்கு முன்னால் பயிற்சிப் பலகை மாட்டியிருந்தது, பக்கத்தில் மாஸ்டர் இருந்தார். சட்டப்படி குற்றம் ஒன்றும் இல்லை. அவளுடைய நிழல் வண்டிக்கு முன்னால், விளக்கு வெளிச்சம் எட்டும் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. தெருமுனை வந்தது. முதலில் நிழல் வலது பக்கம் திரும்பியது. கொஞ்சம் கழித்து அவள் திருப்பினாள், நிழல் திரும்பியதைவிடச் சற்று அகலமாக. மாஸ்டர் இரண்டு கால்களையும் மடக்கிச் சீட்டின் மேல் வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, அடுத்து என்ன வருகிறது என்று ஜன்னல் வழியாகப் பார்த்தார். அவர்கள் வந்து சேர்வதற்குள் நிழல் முந்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, வாசலில் கிடந்த அவள் செருப்பை வீட்டைப் பார்த்துத் திருப்பிப் போட்டு வைத்திருந்தது.